ஒதுங்கத் தெரியாதவர்

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னக்கா, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று எங்கிருந்தாவது வந்து எதிரில் நிற்பார். அவர் வந்து நின்றால் எதிரில் இருப்பவர் பாடு திண்டாட்டம்தான். நகரவே மாட்டார்.

நான் அவரிடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கிடங்குகளில் இரண்டு இரும்புக் கொம்புகளால் சரக்கைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் போகுமே, அந்த வண்டி. நாங்கள் அதைக் கொம்பு வண்டி என்போம். சூளகிரியில், ஹைவேயிலிருந்து கொஞ்சம் உள்ளே, முன்பு கிரானைட் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த ஷெட் ஒன்றை ஓர் அறக்கட்டளை வாடகைக்கு எடுத்திருந்தது. வருமானத்துக்கு வழியில்லாத பெண்களுக்கு அங்கே இலவசப் பயிற்சி. புருஷன் விட்டுப்போனவர்கள், புருஷன் செத்துப்போனவர்கள், புருஷன் இருந்தும் பிரயோஜனம் இல்லாதவர்கள் என்று எல்லா ரகமும் இருந்தோம். ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டங்களில் பூ வெட்டியவர்கள் சிலர். என்னைப் போல மாங்கூழ் ஃபேக்டரியில் சீசனுக்கு மட்டும் கொட்டை பிரித்தவர்கள் சிலர்.

அவர் எங்களில் பாதிப் பேரைவிட வயதில் சின்னவர். உயரமும் குறைச்சல். சீட்டில் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தால்தான் முன்னால் இருப்பது அவருக்குத் தெரியும். எங்களை அவர் அக்கா என்பார், நாங்கள் அவரை மேடம் என்போம். அது அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் நாங்கள் மாற்றிக்கொள்ளவில்லை.

முதலில் அவருடைய நடையைச் சொல்லவேண்டும். கடைத்தெருவில் நாமெல்லாம் எப்படி நடப்போம்? வண்டி வந்தால் ஒதுங்குவோம், ஆள் வந்தால் ஒதுங்குவோம், ஆம்பளைகள் நாலு பேர் பேசிக்கொண்டு வந்தால் சாக்கடை ஓரம்வரை போய் நின்று அவர்கள் போனபிறகு திரும்பி வருவோம். ஒதுங்குகிறோம் என்பதே நமக்குத் தெரியாது. அவர் ஒதுங்கமாட்டார். அவசரமும் படமாட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் வழியில் நேராக நடப்பார். எதிரே வருபவர் கிட்டத்தில் வந்து நின்றால் இவரும் நிற்பார். முறைக்கமாட்டார், சிரிக்கவும் மாட்டார். அந்த ஆள் ஒன்றும் புரியாமல் இவரைப் பார்ப்பார், தரையைப் பார்ப்பார், கடைசியில் சுற்றிக்கொண்டு போவார். இவர் விட்ட இடத்திலிருந்து நடப்பார்.

இதை வைத்து அவரை வம்புக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். யாரையும் இடித்ததில்லை, யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. பஸ்ஸில் கைக்குழந்தையோடு யாராவது ஏறினால் முதலில் எழுந்து இடம் கொடுப்பது அவர்தான். ஒருநாள் நான் அதைச் சொல்லிக் கிண்டல் செய்தேன். "கேட்டா குடுப்பேன் அக்கா. தள்ளுனா போவமாட்டேன்" என்றார். அவ்வளவுதான் அவருடைய சட்டம்.

காய்கறிச் சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் ஒருநாள் நாங்கள் ஏழெட்டுப் பேர் அவரோடு நடந்துபோய்க்கொண்டிருந்தோம். பின்னாலேயே ஒருவர் புல்லட்டில் வந்து ஹாரனை விடாமல் அழுத்தினார். சந்தின் அந்தப் பக்கம் ஒரு லாரியே போகிற அளவுக்கு வழி கிடந்தது. நாங்கள் எல்லோரும் கோழிக்குஞ்சுகளாகச் சிதறிக் கடைகளுக்குள் ஏறிவிட்டோம். அவர் மட்டும் நின்று திரும்பி, அந்த ஆளிடம் போனார்.

"அண்ணா, இன்னொரு வாட்டி அடிங்க."

அந்த ஆள் உண்மையாகவே இன்னொரு முறை அடித்தார்.

"பாத்தீங்களா அக்கா?" என்று மேடம் எங்கள் பக்கம் திரும்பினார். "எவ்ளோ பேரு பாக்கறாங்க, கொஞ்சமாவது கூச்சப்படறாரா? இப்பிடித்தான் அடிக்கணும்." பிறகு அந்த ஆளிடம், "ரொம்ப நன்றிங்கண்ணா. வழி அந்தாண்ட இருக்குது" என்றார். அந்த மனிதர் புல்லட்டைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கமாகவே போனார். நாங்கள் ஷெட்டுக்கு வந்து சேரும்வரை சிரித்தோம்.

ஆனால் அவர் கேலிக்காக அதைச் செய்யவில்லை. ஹாரன் அடிப்பதுதான் எங்களுக்கு வராத வித்தை. முதல் நாள் நாங்கள் பண்ணிய கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இரும்பு முனை வைத்த ஷூவை ஆளுக்கொரு ஜோடி கொடுத்தார்கள். நாங்கள் அவற்றை, வண்டி ஓடும் பாதைக்காகத் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு போய் வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். "வண்டிய அப்பறம் கும்புடலாம். மொதல்ல ஷூவைப் போடுங்க" என்றார் அவர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

அந்த முதல் வாரம் முழுக்க எங்களை வண்டியில் ஏற்றவேயில்லை. நான்கு பாஷைகளில் 'ஓரமா போங்க' என்று சொல்லப் பழக்கினார். எங்கள் பக்கத்துக் கிடங்குகளில் சரக்கு ஏற்றுகிறவர் பீகார்க்காரர், கணக்குப் பார்ப்பவர் பெங்களூர்க்காரர், லாரி டிரைவர் சித்தூர்க்காரர். எந்த வாய்க்கு எந்த பாஷை என்று பார்த்துச் சொல்லியாகவேண்டும். தெலுங்கில் ஜருகண்டி, கன்னடத்தில் சொல்ப சைடிகெ ஹோகி, இந்தியில் ஹட் ஜாவ் பையா, தமிழில் ஓரமா போங்க. ஷெட்டின் ஒரு கோடியில் நின்று நாங்கள் சொல்லவேண்டும், இன்னொரு கோடியில் அவர் நின்று கேட்பார். கேட்கவில்லை என்று கையை ஆட்டுவார். வேப்பனப்பள்ளியிலிருந்து வந்த ஒருத்தி இந்தி தவிர மற்ற மூன்று பாஷையும் பொளந்து கட்டுவாள். அவள் மூன்றிலும் முணுமுணுத்தாள்.

"எதுக்கு மேடம் இதெல்லாம்? ஸ்டீயரிங் புடிக்கச் சொல்லிக் குடுங்க" என்று நான்தான் கேட்டேன். எனக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி.

"ஸ்டீயரிங் ரெண்டு நாள்ல வந்துரும் அக்கா. இதுதான் வராது."

அவர் சொன்னது சரியாகப் போயிற்று. ஸ்டீயரிங் வந்தது, கொம்பை ஏற்றி இறக்குவது வந்தது, சரக்கு கண்ணை மறைத்தால் பின்பக்கமாகவே ஓட்டிப் போவதும் வந்தது. ஆனால் வழியில் ஓர் ஆம்பளை குறுக்கே வந்தால் போதும், கை ஹாரனுக்குப் போகாது. வண்டியை நிறுத்திவிட்டு, நாமே தப்புச் செய்தமாதிரி சிரித்துக்கொண்டு காத்திருப்போம். ஷெட் வாட்ச்மேனுக்கு இது தெரிந்துபோய், வேண்டுமென்றே கோட்டுக்குள் நின்று பீடி பற்றவைப்பார். அவர் அதைப் பற்றவைத்து, இழுத்து, இருமி முடிக்கும்வரை அத்தனை டன் தூக்குகிற வண்டி அவருக்காக நிற்கும்.

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். சொல்லாவிட்டால் அவர் எப்பேர்ப்பட்ட மனுஷி என்பது புரியாது.

மஞ்சள் காமாலையில் என் கணவர் போய்ச் சேர்ந்தபிறகு, நானும் ஏழாவது படித்துக்கொண்டிருந்த என் மகளும் அவருடைய அண்ணன் வீட்டில் இருந்தோம். வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம். அந்த அண்ணனை நான் மாமா என்று கூப்பிடுவேன். சூளகிரியில் ஒரு பெரிய கிடங்கில் லோடுமேன்களுக்கு மேஸ்திரி. கெட்டவர் இல்லை. எங்களுக்குச் சோறு போட்டார், மகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு பார்த்தார், அவள்மேல் உயிராக இருந்தார். ஆனால் அந்த வீட்டில் நான் ஒரு மூலையில் வைத்த பாத்திரம். வேண்டும்போது எடுப்பார்கள், வேண்டாதபோது நகர்த்துவார்கள். என் மகளும் அப்படியே பழகிக்கொண்டு வந்தாள். யாராவது அறைக்குள் வந்தால் அவள் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொள்வதை ஒருநாள் பார்த்தேன். எங்காவது வாடகைக்கு ஒரு ரூம் பிடித்து அவளைத் தனியாக வளர்க்கவேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பயிற்சிக்குப் போகிறேன் என்று கேட்டதும் மாமா வீட்டார் எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னார். "போம்மா. வண்டி ஓட்டற வேலை கெடைச்சா புள்ளைய கூட்டிக்கினு சூளகிரிக்கே போய்க்கோ. கெடைக்கலன்னா இதோட விட்டுரு. பாப்பா எங்க புள்ளையா வளரட்டும்." கிடைக்காது என்ற தைரியத்தில்தான் சொன்னார். எனக்கு அதுவே பெரிய வரமாக இருந்தது.

நாங்கள் பயிற்சி முடித்ததும் வேலைக்கு ஆள் எடுக்க ஓட்டிக் காட்டச் சொன்ன கிடங்கு, மாமா வேலை பார்த்த அதே கிடங்கு. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் அப்போது ஃபோர்க்லிஃப்ட்டுக்குப் பெண்களைக் கூப்பிட்ட இடம் அது ஒன்றுதான்.

ஓட்டிக் காட்டுகிற நாளும் வந்தது. சேஃப்டி ஆபீசர் அட்டையும் பேனாவுமாக நின்றார். வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது என்பதால் மேடம் ஷட்டருக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் பேலட்டைத் தூக்கினேன், அதாவது சரக்கு அடுக்கிய மரப்பலகையை. முதல் வளைவு திரும்பினேன், ஹாரன் அடித்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது வளைவில் யாரோ இருமினார்கள். நிமிர்ந்து பார்த்தால் மாமா எதிரே வருகிறார்.

அடுத்து நடந்ததை நான் செய்தேன் என்று சொல்லமுடியாது, என் உடம்பு செய்தது. அந்த வீட்டில் மாமா வந்தால் நான் உட்கார்ந்திருக்கக்கூடாது. பாதிச் சாப்பாட்டில் இருந்தாலும் எழுந்துவிடவேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அப்படி எழுந்து எழுந்து பழகியவள். சீட் பெல்ட்டை எப்போது அவிழ்த்தேன் என்று தெரியாது, வண்டியிலிருந்து இறங்கி, மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம், ரேக் ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தேன். ஆள் எழுந்ததும் வண்டி தானாக நின்றுவிட்டது. கொம்புமேல் சரக்கு அப்படியே அந்தரத்தில் இருந்தது.

தூக்கிய சரக்கை இறக்காமல் சீட்டை விட்டு இறங்குவதைவிடப் பெரிய குற்றம் அந்தத் தொழிலில் இல்லை. லோடுமேன்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டிவிட்டுப் போனார். மரியாதை தெரிந்தவள் என்ற அர்த்தத்தில்தான் ஆட்டினார் என்று நினைக்கிறேன். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

வெளியே வந்து அழுதேன். மற்றவர்கள் தேறிவிட்டார்கள், நான் ஒருத்திதான் தவறினேன். மேடம் என்னைத் தட்டிக்கொடுக்கவில்லை. "ஏன் எறங்குனீங்க?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு பையை என்னிடம் கொடுத்துவிட்டு, செக்யூரிட்டியிடம் கையெழுத்துப் போட்டு ஆபீஸ் மாடிக்கு ஏறினார். நானும் பின்னாலேயே போனேன்.

சேஃப்டி ஆபீசரின் அறைக்கு வெளியே ஓர் ஆள் போகிற அளவுக்கு ஒரு நடைவழி. அதன் நடுவில் மேடம் நின்றார். ஆபீசர் சாப்பிடப் போவதற்காக வெளியே வந்தார்.

"சார், இந்த அக்காவுக்கு இன்னொரு வாட்டி டிரையல் வேணும்."

"முடியாதும்மா. ரூல்ஸ் அப்படி. வேணும்னா பேக்கிங்ல போட்டுக்கறேன், நாளைக்கே வரச் சொல்லுங்க."

"பேக்கிங் வேலைக்கு நான் எதுக்கு சார் சொல்லிக்குடுக்கணும்? இவங்க வண்டி ஓட்டறவங்க."

"ஓட்டத் தெரிஞ்சவங்க நடு வழியில எறங்குவாங்களா?"

"எறங்குனது தப்பு. அதுக்குத்தான் இன்னொரு வாட்டி கேக்கறேன்."

ஆபீசர் சலித்துக்கொண்டு அறைக்குள் திரும்பிப் போனார். சற்று நேரம் கழித்து மறுபடி வந்தார். இவர் அங்கேயே நின்றிருந்தார். அவர் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். வாங்க மேடம், போயிடலாம் என்று அவர் புடவையைப் பிடித்து இழுத்தேன். பேக்கிங்காவது கிடைக்குமே, அதுவும் போய்விடப்போகிறதே என்று பயம். அவர் திரும்பிப்பார்க்கவேயில்லை. அந்த நேரத்தில் அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. இவருக்கென்ன, நாளைக்கு வேறு பேட்ச் வரும், என் பிழைப்பல்லவா போகிறது என்று நினைத்தேன். மூன்றாவது தடவை ஆபீசர் கதவைத் திறந்து, "வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க. அதுக்கு மேல கேக்காதீங்க" என்றார்.

"எத்தனை மணிக்கு சார்?" என்றார் இவர்.

நேரத்தைக் கேட்டுக்கொண்டுதான் நகர்ந்தார். படியிறங்கும்போது எனக்கு அவரைத் தொட்டுப் பார்க்கவேண்டும்போல இருந்தது. நம்மைப் போலத்தான் எலும்பும் தோலுமா, இல்லை வேறு எதையாவது வைத்து இந்த மனுஷியைச் செய்திருக்கிறார்களா என்று.

வெள்ளிக்கிழமைவரை எனக்கு நடந்தது பயிற்சியே இல்லை, வைத்தியம். ஷெட்டில் என்னை வண்டியில் உட்காரவைத்து, தூரத்தில் கோட்டுக்குள் அவர் நின்றுகொண்டார்.

"நான்தான் உங்க மாமா. மீசைதான் இல்ல. அவரு எப்பிடி வருவாரு, சொல்லுங்க."

"இருமிக்கினு வருவாரு."

இருமினார். என் கை பெல்ட்டுக்குப் போனது. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி இருமினார், மறுபடி கை போனது. பின்னால் இருமினார், பக்கத்தில் வந்து இருமினார், நான் டீ குடிக்கும்போது இருமினார். மற்றவர்களையும் இருமச் சொன்னார். அந்த வழியாகப் போனவர்கள் யாராவது எட்டிப்பார்த்திருந்தால் காச நோய் ஆஸ்பத்திரி என்று நினைத்திருப்பார்கள். மூன்றாம் நாள் கை பெல்ட்டுக்குப் போகவில்லை. ஹாரனுக்கும் போகவில்லை. நான்காம் நாள் ஹாரனுக்குப் போனது.

அடித்தேன். அவர் நகரவில்லை.

"ஹாரன் அடிச்சா ஒடனே ஓடிருவாரா உங்க மாமா? வாயைத் தொறந்து சொல்லுங்க."

"ஓரமா போங்க மாமா" என்றேன். அப்போதும் நகரவில்லை.

"இப்ப என்ன பண்ணுவீங்க?"

"நிப்பேன்."

"எவ்ளோ நேரம்?"

"நீங்க நகர்ற வரைக்கும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நான் நகரமாட்டேன் அக்கா. வண்டிய ஆஃப் பண்ணுங்க, டீ குடிக்கலாம்."

அன்றைக்கு டீ குடிக்கும்போதுதான் கேட்டேன், உங்களுக்கு இது எப்படி வந்தது என்று. பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே சொன்னார். அவருடைய அம்மா கல்குவாரியில் ஜல்லி சுமந்தவராம். யார் எதிரே வந்தாலும் ஒதுங்கி வழி விடுகிறவராம். ஒருநாள் டிப்பர் லாரி ஒன்றுக்கு ஒதுங்கி, இன்னும் கொஞ்சம் ஒதுங்கி, பின்னால் இருந்த பள்ளத்தில் விழுந்துவிட்டார். அதன்பிறகு அவர் எழுந்து நடக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு, பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்துவிட்டதே என்று வருத்தப்பட்டார். வேப்பனப்பள்ளிக்காரியிடம் கேட்டால் அவள் வேறு மாதிரி சொல்கிறாள். சின்ன வயதிலிருந்தே தனக்கு வளைந்து நடந்தால் முட்டி வலிக்கும், அதனால்தான் என்று அவளிடம் சொன்னாராம். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இப்போது வழியில்லை. அந்த ஷெட்டில் இன்று மார்பிள் கடை நடக்கிறது. அவர் கோலார்ப் பக்கம் இதே வேலையாகப் போய்விட்டார் என்று சொன்னார்கள். போன் நம்பரும் மாறிவிட்டது.

வெள்ளிக்கிழமை மாமா இரண்டாவது வளைவில் தயாராக நின்றிருந்தார். இந்தத் தடவை அவர் தற்செயலாக வரவில்லை. அவருடைய ஆட்கள் நாலைந்து பேரும் கூட இருந்தார்கள். நான் தூரத்திலேயே வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தேன். அவர் இருமினார். நான் உட்கார்ந்த இடத்தில்தான் இருந்தேன். இரண்டாம் தடவை அடித்தேன். அந்த ஆட்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"மாமா, சரக்கு வருது. ஓரமா போங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, கீழே கிடந்த ஒரு பிளாஸ்டிக் கயிற்றை, அதை எடுக்கத்தான் வந்தவர்போல எடுத்துக்கொண்டு ரேக் பக்கம் போனார். நான் சரக்கைக் கொண்டுபோய் வைக்கவேண்டிய இடத்தில் வைத்தேன், கொம்பை இறக்கினேன், சாவியை எடுத்தேன். அதன்பிறகுதான் இறங்கினேன். ஆபீசர் எதையோ எழுதிக்கொண்டே, "திங்கக்கிழமைலர்ந்து வாங்க" என்றார்.

ஷட்டருக்கு வெளியே நின்றிருந்த மேடத்திடம் ஓடினேன். "ரெண்டாவது வளைவுல இன்னும் கொஞ்சம் முன்னாடியே ஹாரன் அடிச்சிருக்கணும்" என்றார். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் பையில் எதையோ தேடினார்.

மறுநாள் நான் சூளகிரியில் ரூம் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமாவின் மனைவி ஃபோன் செய்தார். "பாப்பா இங்கயே இருக்கட்டும்னு அவரு சொல்லிட்டாரும்மா. நீ வேணா போய்க்கோ" என்றார். கூடவே, "ஆளுங்க முன்னாடி இப்பிடிப் பண்ணிட்டியே" என்றும் சொன்னார். நான் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். வேலை கிடைத்துவிட்டது. எதற்காக வேலையோ அது கையைவிட்டுப் போகிறது.

மேடத்திடம் சொன்னேன். "நாளைக்கு ஞாயித்துக்கெழமைதான? நான் வரேன்" என்றார். எனக்கு உயிர் வந்தது. அவர் வந்து வாசலில் நின்றால் போதும், அப்புறம் யார் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தேன். அவரைக் கூட்டிக்கொண்டு போனது அதற்காகத்தான்.

வேப்பனப்பள்ளி பஸ்ஸில் இறங்கி, மாந்தோப்பு வழியாக நடந்தோம். ஊர்த் தெருவில் அவர் முன்னால் நடந்தார், நான் அவர் முதுகுக்குப் பின்னால் நடந்தேன். கிணற்றடியில் நின்றிருந்தவர்கள் இந்தச் சின்ன உருவத்தைப் பார்த்துத் தாங்களாகவே விலகினார்கள். வீட்டு வாசல்படியிலேயே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு மாமா உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டாமல் உள்ளே போகமுடியாது.

நாலடி தூரத்தில் மேடம் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, எந்த மனுஷருக்கும் எந்தத் தெருவிலும் ஒதுங்கி நான் பார்த்திராத அவர், வழியை விட்டு விலகி, துணி துவைக்கிற கல் பக்கமாகப் போய்ச் சுவரை ஒட்டி நின்றுகொண்டார்.

"போங்க அக்கா" என்றார்.

இவ்வளவு பெரிய மரியாதையை என் வாழ்நாளில் யாரும் எனக்குச் செய்ததில்லை. கூடவே பயமும் வந்தது, ஏனென்றால் எனக்கும் மாமாவுக்கும் நடுவில் இப்போது யாரும் இல்லை.

மாமா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "ஷிஃப்ட்டு ஷிஃப்ட்டா ஓடுவ. புள்ளைய யாரும்மா பாத்துப்பாங்க?" என்றார். அது கோபத்தில் கேட்டதில்லை, நியாயமான கேள்விதான்.

"மொதல் ஷிஃப்ட்டுதான் கேட்டு வாங்கியிருக்கேன் மாமா. அவ ஸ்கூல் விட்டு வர்றப்ப நான் வீட்ல இருப்பேன்."

"தம்பி பொண்டாட்டிய தொரத்திவுட்டுட்டான்னு ஊரு பேசும்."

"மாமா இருக்கற கம்பெனியிலதான் வேலைன்னு சொல்லுங்க. நானும் அப்பிடித்தான் சொல்லுவேன். கூட்டிக்கினு போன்னு நீங்க குடுத்த வார்த்தைதான் மாமா."

அவர் எழுந்திருக்கவில்லை.

"வழி விடுங்க மாமா" என்றேன்.

நின்றேன். வெயில் முதுகில் ஏறியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். திரும்பி மேடத்தைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. மாமா இருமினார். நான் நின்றுகொண்டேயிருந்தேன். கடைசியில் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நாற்காலியை ஒரு கையால் இழுத்து உள்பக்கச் சுவரோரமாகப் போட்டார்.

நான் படியேறி உள்ளே போனேன். என் மகள் பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டி, துணிப்பையைக் கையில் பிடித்து, செருப்பும் போட்டுக்கொண்டு நடுவீட்டில் நின்றிருந்தாள். வெகுநேரமாக நிற்கிறாள்போல, முகமெல்லாம் வியர்த்திருந்தது.